முப்பத்தெட்டாம் நம்பர் கால்

அன்றைக்கு மாலை மேகலை பூட்ஸின் நாடாவைக் கட்டிக்கொண்டு எழுந்து ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தாள். கட்டிங் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினாள். குந்தி உட்கார்ந்து எழுந்தாள். "நல்லாருக்குங்க மாஸ்டர். பேக் பண்ணச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். நான் ஜோடியை வாங்கி பேக்கிங் மேசைப் பக்கம் வைத்தேன். டீ வந்தது. அவளுக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ தனி டம்ளரில் வரும். ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நிக்கு கலர் அடிச்சுக் குடுத்திருக்கான்" என்றாள்.

எங்கள் வாழ்க்கையில் சாதாரணமாக நடந்த கடைசி விஷயம் அதுதான். அவள் அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது பாதத்தில் ஓர் ஆணி குத்திய துளை இருந்தது. அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தத் துளையிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் போய்விட்டாள்.

மேகலை என் மனைவி. முழுப்பெயர் மணிமேகலை. பிறந்தது காவேரிப்பட்டினம். நான் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தொழில் கற்றவன். கல்யாணமான பிறகு இருவரும் ஓசூருக்கு வந்து, கெலமங்கலம் ரோட்டில் உள்ள ஒரு சின்ன யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தோம். வீட்டில் என்னை "ஏங்க" என்பாள். ஷெட்டுக்குள் வந்துவிட்டால் "மாஸ்டர்". மற்றவர்கள் கூப்பிடுவதைப் பார்த்து கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் யூனிட்டில் செய்கிற பூட்ஸ் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. வெளிநாட்டில் சிலர் லீவு நாட்களில் பழைய காலத்து மனிதர்களைப்போல உடுத்திக்கொண்டு ஒரு மைதானத்தில் கூடுகிறார்கள். கூடாரம் போடுகிறார்கள், விறகடுப்பில் சமைக்கிறார்கள், மரக்கத்தியால் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நானூறு வருஷம், அறுநூறு வருஷம் முந்தைய உடுப்பு. அதற்குக் காலில் ரப்பர் ஷூ போட்டால் நன்றாக இருக்காது அல்லவா, அவர்களுக்காகத்தான் நாங்கள் செய்தோம். பார்க்கப் பழசாக இருக்க வேண்டும். காலையில் போட்டால் இருட்டும்வரை ஈரப்புல்லில் நடந்தாலும் கால் நோகக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேருவது லேசு இல்லை. அந்தக் காலத்து பூட்ஸைப் படத்தில் இருக்கிறபடி அப்படியே செய்தால் இந்தக் காலத்து மனிதனால் அரை மணி நேரம் நடக்க முடியாது. அதனால் வெளியே அவர்கள் கேட்கிறபடி செய்துவிட்டு, சுகத்தை உள்ளே ஒளித்து வைப்போம். குதிகாலுக்கு அடியில் மெத்தென்று ஒரு துண்டு, உள்தோலில் வளைவுக்கு ஒரு முட்டு, கணுக்கால் எலும்பு வருகிற இடத்தில் இரட்டை மடிப்பு.

யூனிட்டை நடத்துகிறவர் சௌமியா மேடம். ஆரம்பித்த புதிதில் ஒருநாள் அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாருடைய காலையும் டேப் வைத்து அளந்தார். பெண்கள் பூட்ஸில் சாம்பிள் அளவு முப்பத்தெட்டு. எந்தப் புது மாடலானாலும் முதலில் அந்த அளவில் ஒரு ஜோடி செய்து, ஒரு காலில் போட்டு நடந்து பார்த்து, அது சரி என்று சொன்ன பிறகுதான் மற்ற அளவுகளை வெட்டுவோம். கட்டை என்பது பூட்ஸ் தைக்கும்போது உள்ளே வைக்கிற கால் வடிவ அச்சு; மேகலையின் கால் முப்பத்தெட்டாம் நம்பர் கட்டையைப் பார்த்து வார்த்தமாதிரி இருந்தது. ஆணிக்கால் கிடையாது, விரல் மேல் விரல் ஏறவில்லை, வெடிப்பும் இல்லை.

"சினிமாக்காரன் மூஞ்சியப் பாத்து எடுப்பான். இங்க காலப் பாத்து எடுக்கறாங்க" என்றாள் பேக்கிங்கில் இருக்கும் நாராயணம்மா. கெலமங்கலத்துக்காரி, வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், லாரிக்காரனிடம் கன்னடம். மேகலையைவிட வயதில் மூத்தவள்.

"உனுக்கு ஏன்க்கா வயித்தெரிச்சலு. உன் காலுக்கு கட்டையே கெடைக்கல, அவங்க என்ன பண்ணுவாங்க" என்றாள் மேகலை.

அன்றிலிருந்து கட்டிங் வேலைக்கு நடுவில் மாலை நான்கு மணிக்கு ட்ரையல். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால் அந்த நேரத்தில் கொஞ்சம் உப்பியிருக்கும். காலையில் சரியாக இருக்கிற பூட்ஸ் மாலையில் கடிக்கும். மாலையில் சரியாக இருப்பதுதான் சரி. இதை எனக்குச் சொன்னவளே அவள்தான்.

முதல் சில வருஷங்கள் அவளிடம் ஒரு ஜோடி பாஸாவது பெரும்பாடு. அவளிடம் நோவுக்குத் தனித்தனி வார்த்தைகள் இருந்தன. தையல் உரசினால் "கடிக்குது". புறங்காலில் இறுக்கமாக இருந்தால் "புடிக்குது". குதிகால் உயரம் கூடி விரலெல்லாம் முன்னால் போய் முட்டினால் "தள்ளுது". பின்பக்கம் தொளதொளத்தால் "கழண்டு பேசுது". அவள் எந்த வார்த்தையைச் சொல்கிறாளோ, அதை வைத்து எந்த இடத்தில் கத்தியை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கடிக்குது என்றால் தையலைத் தட்டி உட்கார வைத்தால் போதும். புடிக்குது என்றால் பேட்டர்னையே மாற்ற வேண்டும்.

ஒருமுறை இடது வலது வித்தியாசமே இல்லாத பூட்ஸுக்கு ஆர்டர் வந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் அப்படித்தான் இருந்ததாம், இரண்டும் ஒரே மாதிரி, எந்தக் காலில் எதை வேண்டுமானாலும் போடலாம். கஸ்டமர் அதில் பிடிவாதமாக இருந்தார். மேகலை போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தாள்.

"இதப் போட்டுக்கிட்டா சண்டைக்குப் போனாங்க?"

"ஆமாம்னு சொல்றாங்க" என்றார் சௌமியா மேடம்.

"அப்பக் கண்டிப்பா தோத்திருப்பாங்க மேடம். ஓடி வரவும் முடிஞ்சிருக்காது."

மேடம் சிரித்துவிட்டார். கடைசியில் வெளித்தோலை நேராகவே வைத்து, உள்ளே மட்டும் இடது வலது வளைவு கொடுத்துச் செய்தேன். அதற்குள் மூன்று நான்கு சாம்பிள்களை அவள் தள்ளிவிட்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் பேசாமல் வண்டி ஓட்டினேன். பின்னாலிருந்து, "கோவமா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆணி விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பூட்ஸ் செய்யும்போது உள்தோலைக் கட்டையின் அடியில் வைத்துச் சின்ன ஆணிகளால் நிறுத்துவோம். மேல்தோலை அதன்மேல் இழுத்துக் கட்டிக் காயவைத்த பிறகு ஆணிகளைப் பிடுங்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால், கட்டையை உருவும்போது அதன் முனை உள்ளே நிமிர்ந்து நிற்கும். பெரிய கம்பெனிகளில் இதற்கு மிஷின் இருக்கிறது. எங்களிடமும் ஒன்று வாங்கினார்கள். ஆனால் எங்கள் பூட்ஸில் பக்கிளும் வளையமும் இரும்பு. மிஷினுக்கு ஆணி எது பக்கிள் எது என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் கத்தும். அதை மூலையில் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டோம். அனுப்புகிற சரக்கில் பேக்கிங்காரர்கள் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்ப்பார்கள். சாம்பிள் ஜோடிக்கு அது வழக்கமில்லை. மேகலையின் கால் போகிற இடத்தில் யார் கையும் போக வேண்டியதில்லை என்று எல்லாரும் நினைத்திருந்தோம். ஆரம்பத்தில் ஓரிரு தடவை ஆணி தட்டுப்பட்டு, கால் பாதி நுழையும்போதே அவள் உதறி எடுத்ததும் உண்டு.

"பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிடுவான்னு ஆணி அடிச்சு நிறுத்தப் பாக்கறாரு மாஸ்டரு" என்றாள் அப்போது நாராயணம்மா.

மேகலைக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாத்திரை சாப்பிட்டாள். சாதத்தைக் குறைத்துக் களி அதிகம் சாப்பிட்டாள். மாம்பழக் காலத்தில் மட்டும் என்னிடம் பொய் சொல்லுவாள். சர்க்கரை என்றால் கண்ணைப் பார், சிறுநீரகத்தைப் பார் என்று கேள்விப்பட்டிருந்தோம். காலைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த கால்களிலேயே நல்ல கால் அவளுடையதுதான்.

ஒரு வருஷம், எந்த மாதம் என்று சொல்லத் தெரியவில்லை, அவள் குறை சொல்வது குறைந்தது. முதலில் "கடிக்குது" நின்றது. அப்புறம் "தள்ளுது". முதல் சாம்பிளே பாஸாக ஆரம்பித்தது. சௌமியா மேடம், "மாஸ்டர், உங்க கை நல்லா செட் ஆயிடுச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை வருஷம் இவள் சொல்லிச் சொல்லியே முப்பத்தெட்டாம் நம்பர் கால் என் விரல்களுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அவள் ஒரு புது ஜோடியைப் போட்டு நடந்துவிட்டு, "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்கு மல்லிகை வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷம் அனுப்பிய சரக்கில் வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. புறங்காலில் இறுக்குகிறதாம், குதிகாலில் கொப்புளம் போடுகிறதாம். போட்டோ அனுப்பியிருந்தார்கள். மேகலை அந்த போட்டோக்களை மேடத்தின் போனில் வெகுநேரம் பார்த்தாள்.

"நான் போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"அவங்க காலு வேற மாதிரி" என்றேன்.

"ஆமா, அதுங்க பொறந்ததுலேர்ந்து சாக்ஸோட வளந்த காலு. தோலு கொழந்த கன்னம் மாதிரி இருக்கும்" என்றாள் நாராயணம்மா.

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. வெறும் காலோடு நடந்து பழகியவர்களுக்கு ஒன்றும் ஆகாதது அவர்களுக்குக் கொப்புளம் போடுகிறது என்று பேசி முடித்துவிட்டோம். மேகலைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அதே மாடலில் ஒரு ஜோடியை வீட்டுக்கு எடுத்து வந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போட்டுக்கொண்டாள். சேலைக்குக் கீழே அந்த பூட்ஸோடு சந்தைக்கும் போய்வந்தாள். தெருவே பார்த்தது. சாயங்காலம் கழற்றிப்போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து காய்கறிப் பையோடு வந்து வாசலில் நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

குனிந்து பார்த்தாள். "அட. இது எங்க போச்சு?"

தார் ரோட்டில் வெயிலில் அவ்வளவு தூரம் வெறும் காலோடு நடந்து வந்திருக்கிறாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டிலும் சொல்லிச் சிரித்தோம். நாராயணம்மாவுக்கு அது ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. யார் வந்தாலும், "எங்க மேகலா பாத்திருக்கியா? செருப்பத் தனியா அனுப்பிட்டு அவ தனியா வருவா" என்பாள்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் இப்போது அதிகமாக நினைக்கிறேன்.

ஆணி இருந்த ஜோடி ஒரு நவம்பர் மாதச் சாம்பிள். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் உயரம், பக்கவாட்டில் நாடா. கஸ்டமர்கள் கம்பளி சாக்ஸோடு போடுவார்கள் என்பதால் ட்ரையலுக்கும் கறுப்புக் கம்பளி சாக்ஸ் வைத்திருந்தோம். மறுநாள் காலை நாராயணம்மா அந்த ஜோடிக்குள் பேப்பர் திணிக்கக் கையை விட்டவள், சட்டென்று எடுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதமே வேறாக இருந்தது.

"இது நேத்து மேகலா போட்டு நடந்ததுதானே?"

"ஆமாம்."

"உள்ள கைய விட்டுப் பாருங்க."

ஆணி உள்தோலில் முனை மேலே தெரிய நிமிர்ந்திருந்தது. சுற்றிலும் லைனிங் காய்ந்து விறைத்திருந்தது. வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தபோது காய்ந்த ரத்தம் பழுப்பாக இருந்தது.

மேகலை கட்டிங் மேசையில் நின்று தோல் வெட்டிக்கொண்டிருந்தாள். நாராயணம்மா அவளை உட்கார வைத்து, காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களுக்குக் கீழே, சதை திரண்டிருக்கிற இடத்தில் ஒரு துளை. சுற்றிச் சிவந்து போயிருந்தது.

"இது எப்ப?" என்றாள் மேகலை, யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"உன்னத்தான் கேக்கறேன். வலிக்கலியா?"

"இல்லியேக்கா."

"அழுத்தறேன் பாரு. இப்ப?"

"அழுத்திட்டியா?"

நாராயணம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேலிக்கென்றே செய்த முகம் அது. அன்றைக்கு அதில் கேலி இல்லை. அவளுடைய அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

அன்றே பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக் கட்டினோம். வலி இல்லாததால் மேகலை மறுநாளே வேலைக்கு வந்தாள். நானும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வலி இல்லாத காயத்தை யாரும் பெரிய காயமாக நினைப்பதில்லை. சில நாட்களில் புறங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டர் வயதில் சிறியவர். ஒரு கைப்பிடியில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு துண்டு வைத்திருந்தார். மேகலையைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் தொடும்போது சொல்லச் சொன்னார். விரலில் தொட்டார். குதிகாலில் தொட்டார். நரம்பு வளைகிற அளவுக்கு அழுத்தினார். அவள் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் கையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபோது, அந்தச் சத்தத்தைக் கேட்டு, "இப்பத் தெரியுதுங்க" என்றாள். டாக்டர் அவளைத் தொட்டிருக்கவில்லை. பரீட்சையில் ஒன்றாவது எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிற பிள்ளையைப்போல இருந்தது அவள் முகம். டாக்டர் "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு கேட்டார், "நடக்கும்போது எப்படி இருக்கும்? மெத்து மெத்துன்னு, பஞ்சு மேல நடக்கற மாதிரி?"

அவள் கண்ணைத் திறந்தாள். "ஆமாங்க. எங்க வீட்டுக்காரரு செய்யற பூட்ஸ் அப்பிடி இருக்கும்."

"செருப்பு இல்லாம நடந்தா?"

கொஞ்சம் யோசித்தாள். "அப்பவும் அப்பிடித்தாங்க இருக்குது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. என் பக்கம் திரும்பினாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், கூடவே காயம் இருந்த சதையிலும் கொஞ்சம். ஆறுவதற்கு வெகுநாள் ஆனது. ஆறிய பிறகு டாக்டர், இனி வெறும் காலோடு ஓர் அடிகூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் காலில் ஏதாவது இருக்க வேண்டும், அதில் தையலோ முடிச்சோ உள்பக்கம் வரக் கூடாது என்றார். சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற செருப்பு ஒன்றை வாங்கிவந்தேன். கறுப்பாக, அகலமாக, ஒட்டுப்பட்டியோடு.

"இத ஆஸ்பத்திரியிலியே விட்டுட்டு வாங்க" என்றாள்.

"நான் செஞ்சு தரட்டுமா?"

"இத்தன வருஷம் வெள்ளக்காரிக்குச் செஞ்சீங்க. இப்பவாச்சும் கேக்கணும்னு தோணுச்சே."

நான் அவளுக்காகச் செய்த முதல் ஜோடி அது. அதற்கு முன்னால் அவள் போட்டுப் பார்த்த நூற்றுக்கணக்கான ஜோடிகளும் வேறு யாருக்கோ போனவை.

நாங்கள் செய்தவற்றிலேயே மிகப் பழைய மாடல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். குதிகால் உயரம் இல்லாதது, முன்பக்கம் அகலமானது. அந்தக் காலத்தில் அதை ஏழை எளியவர்கள் வயலில் போட்டார்களாம். மேல்தோலின் ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்து அடித்தோலோடு வைத்துத் தைப்பது அதன் முறை. உள்ளே தையல் வராது. ஆணியே இல்லாமல் நூலால் கட்டி நிறுத்தினேன். லைனிங்குக்கு ஆட்டுத்தோலில் ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாக வெட்டினேன். அதற்கு இரண்டு தோல் வீணானது. அவளைத் தாளின்மேல் நிற்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன்.

"இப்ப நான் எத்தன நம்பரு?"

"முப்பத்தெட்டுதான்."

"இந்தக் காலுமா?"

"ரெண்டும்."

"பொய் சொல்றதுன்னா சொல்லுங்க, கொஞ்சம் கம்மியாச் சொல்லுங்க."

பூட்ஸ் தயாரானது. ஆனால் அது சுகமாக இருக்கிறதா என்று யாரைக் கேட்பது? எத்தனையோ வருஷமாக அவள் சொல்வதைக் கேட்டுத்தான் எனக்குத் தொழில் தெரியும். இப்போது போட்டுக்கொண்டு நடந்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். அப்புறம் அவளே சிரித்துக்கொண்டு, "என்னக் கேட்டு என்ன ஆவப்போவுது. காலக் கேளுங்க" என்றாள்.

காலைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் நடக்கச் சொல்லிவிட்டுக் கழற்றி, அவள் பாதத்தை வெளிச்சத்தில் வைத்து எங்கே சிவந்திருக்கிறது என்று பார்ப்பேன். சிவந்த இடத்தை அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்கும். அந்தச் சிவப்பு மறையும்வரை காத்திருப்பேன். சீக்கிரம் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தில் தோலை மெலிதாக்குவேன், மறுபடி போடச் சொல்வேன். கண்ணால் பூட்ஸ் தைக்க நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். இதைக் கொஞ்சம் முன்னால் கற்றிருந்தால், அவள் குறை சொல்வதை நிறுத்திய வருஷத்தில் ஒருநாளாவது அவள் காலைத் திருப்பிப் பார்த்திருந்தால் என்று நினைக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ போட்டபோது, நாடாவைக் கட்டிக்கொண்டு நின்றவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"இங்க புடிக்குதுங்க."

ஆடுசதைக்குக் கீழே, பூட்ஸின் மேல்விளிம்பு வருகிற இடத்தைக் காட்டினாள். அங்கே அவளுக்கு இன்னும் உணர்ச்சி இருந்தது. "எங்க? இங்கியா? எவ்வளவு புடிக்குது?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அர விரக்கட தளத்துங்க. ஏன் அழுவறீங்க? தளத்திட்டா புடிக்காது."

விளிம்பை வெட்டி வளைத்து, நாடாக் கண்ணைத் தள்ளி வைத்துத் தந்தேன். அவள் என் வேலையில் கண்டுபிடித்த கடைசிக் குறை அது.

அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். தெருமுனை வரை போய்வந்தாள். ஒருநாள் ஆட்டோவில் யூனிட்டுக்கும் கூட்டிப்போனேன். சானமாவுக் காட்டுப் பக்கம் யானைக் கூட்டம் நிற்கிறது என்று அன்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் அவள் வாசலில் வந்து இறங்கினாள்.

"யானைக்குப் பயந்து நாங்க ஓடறோம், நீ பூட்ஸ் போட்டுக்கிட்டு சண்டைக்கு வர்றியா?" என்றாள் நாராயணம்மா.

"இந்த பூட்ஸ்ல ஓடலாம்க்கா. மாஸ்டர் செஞ்சது."

நாராயணம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள்.

ஆனி கழிந்து மறுபடி காய்ச்சல் வந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், போனோம். முதலில் குத்திய இடத்திலிருந்து எலும்புக்குள் சீழ் இறங்கி உள்ளேயே இருந்திருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் கலந்துவிட்டது. கடைசி நாட்களில் அவள் அதிகம் பேசவில்லை. ஊர்ப் பக்கம் மாம்பழம் முடிந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டாள். இன்னும் இருக்கிறது என்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு பெங்களூர் டாக்டரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். நான் செய்த பூட்ஸால் ஏதாவது ஆகியிருக்குமா. அவர் என்னை உட்காரச் சொன்னார். புதிதாகக் காயமோ கொப்புளமோ எதுவும் காலில் இல்லை, அது பழைய காயம்தான் என்றார். பழைய காயமும் நான் செய்த பூட்ஸில் வந்ததுதான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது சாம்பிள் ட்ரையலுக்கு காவியா என்ற பெண் வருகிறாள். பி.காம். முடித்தவள், ஆபீஸ் வேலையோடு இதையும் பார்க்கிறாள். எந்த ஜோடியானாலும் அவள் கால் போவதற்கு முன்னால் என் கை போகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை யூனிட்டில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை வைத்திருக்கிறார் சௌமியா மேடம். காவியா ரொம்பக் குறை சொல்வாள். "அண்ணா, கடிக்குதுண்ணா" என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நிற்பாள். சங்கடப்பட்டு, "சாரிண்ணா, மூணாவது தடவ" என்பாள். நல்லது கண்ணு, சொல்லு, எங்க கடிக்குது என்று கேட்டுக்கொண்டு நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன். அவள் ஏதாவது ஒரு ஜோடியை முதல் தடவையே சரி என்று சொல்லிவிட்டால் அன்று எனக்கு வேலை ஓடுவதில்லை. இன்னொரு தடவை நடந்து காட்டச் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் மேகலையின் பூட்ஸைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். தோல் கவரில் இருந்தால் பூசணம் பிடிக்கும். அதனால் பீரோவின் மேல் வெளியில்தான் வைத்திருக்கிறேன். மழை நாட்களில் எடுத்து ஈரம் போகத் துடைப்பேன். மேல்தோல் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது. நாடா ஒரு பக்கம் பிசிர் விட்டிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடித்தோலில் குதிகால் படுகிற இடம் மட்டும் அவள் நடந்த கொஞ்ச நடையில் லேசாகக் கறுத்திருக்கிறது. மற்ற இடமெல்லாம், நான் வெட்டியபோது என்ன நிறமோ, அதே நிறத்தில் இருக்கிறது.